விமானப்படை மட்டுமா தடுத்தது?
1940-இல் கடல் கடந்து பிரிட்டனைப் பிடிக்க ஹிட்லர் போட்ட ‘கடற்சிங்கம்’ (Sea Lion) படையெடுப்புத் திட்டத்தைத் தடுத்தது பிரிட்டிஷ் விமானப்படை மட்டுமே என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்களை ஓட்டிய விமானிகளின் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வானத்தை ஜெயித்திருந்தாலும் ஜெர்மானியர் ஆங்கிலக் கால்வாயை எதில் கடந்திருப்பார்கள்? ரைன் நதியில் சரக்கு ஏற்றும் தட்டைப் படகுகள் சுமார் 2,400-ஐத் திரட்டி வைத்திருந்தார்கள். பெரும்பாலானவற்றில் எஞ்சினே கிடையாது, வேறு கப்பல்தான் கட்டி இழுக்க வேண்டும். அவற்றுக்குக் காவலாக வரவேண்டிய ஜெர்மன் நாசகாரிக் கப்பல்களில் (destroyer எனும் வேகமான போர்க்கப்பல்கள்) 10, அந்த ஏப்ரலிலேயே நார்வேயின் நார்விக் துறைமுகத்தில் மூழ்கிவிட்டன. ஜெர்மன் கடற்படைத் தளபதி ரேடருக்கே இந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை. 1974-இல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இதைப் போர் விளையாட்டாக நடத்திப் பார்த்தபோதும், கரையேறிய முதல் அணிக்குப் பின்னால் உணவும் வெடிமருந்தும் வராமல் பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்துவிட்டது, இறங்கியவர்கள் தோற்றார்கள். அந்தக் கட்டுரையின் கீழ் ஒரு நண்பர் “இரவோடு இரவாகக் கடந்திருக்கலாமே” என்கிறார். இரவில்தான் ஆபத்து அதிகம் நண்பரே. ஆமை வேகத்தில் ஊரும் படகு வரிசை, அதன் நடுவே பாயும் பிரிட்டிஷ் நாசகாரிகள். இருட்டில் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.