படம் 20 போதும்

குழந்தைத் தொழிலாளர் பற்றி வேலூர்ப் பள்ளிகளில் 60 படங்களோடு புகைப்படக் கண்காட்சி வைக்கும் யோசனை அருமை. ஆனால் அத்தனை வேண்டாம், 20 போதும். 40 நிமிட வகுப்பில் அதற்கு மேல் நின்று பார்க்க முடியாது. ஒவ்வொரு படமும் 12க்கு 18 அங்குலம், பளபளப்பில்லாத மேட் தாள். பளபளப்புத் தாளில் ஜன்னல் வெளிச்சம்தான் தெரியும். ஆறாம் வகுப்புக்குப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலேகால் அடி. வேலூர் வெயிலுக்கு டேப் இளகிவிடும், கயிறு கட்டி கிளிப் போடுங்கள்.

புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைச் சிறுவர்களைப் படமெடுத்தபோது வயது, வேலை, இடம் எல்லாம் குறித்துவைத்தார்; அதனால்தான் அந்தப் படங்கள் சான்றாக நின்றன. நம் படங்களின் விளக்கக் குறிப்பிலும் வயது, வேலை, இடம் அவசியம்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளை எடுத்தால் மட்டும் பெயரும் முகமும் வேண்டவே வேண்டாம். கை, இலை, நூல் போதும். அந்த வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.