அவசரக்காரரை விடுங்கள், கோபக்காரரைப் பாருங்கள்

நம்ம வீடுகளில் மனிதர்களை இரண்டாகப் பிரிக்க அதிக நேரம் ஆகாது. ஒருவர் பரபரப்பான ஆள், கை வைத்தால் காரியம் முடியும். இன்னொருவர் ஆற அமர வேலை செய்கிறவர், அவருக்கு ‘மந்தம்’ என்று பெயர். மாப்பிள்ளை பார்ப்பதானாலும் சரி, கடைக்குக் கணக்குப்பிள்ளை வைப்பதானாலும் சரி, கோயில் கமிட்டிக்கு ஆள் எடுப்பதானாலும் சரி, முதல் ஆளுக்குத்தான் மதிப்பு. அவர் எரிந்து விழுவார், நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டுவார். அதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம். ‘கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்’ என்ற பழமொழி வேறு கைவசம் இருக்கிறது. ரங்கூனில் நான் வளர்ந்த தெருவில் இதைச் சொல்லாத வீடு கிடையாது. இந்தப் பழமொழி நம்மைக் கெடுத்திருக்கிறது என்பதுதான் என் கருத்து. வேகம் வேறு, கோபம் வேறு.

இதை மருத்துவர்களே தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள். 1950-களில் சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்று இரண்டு இதய நோய் மருத்துவர்கள். அவர்களுடைய காத்திருப்பு அறை நாற்காலிகளைச் சரிசெய்ய வந்தவர், முன் விளிம்பும் கைப்பிடியும் மட்டும் தேய்ந்து போயிருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டாராம். ஃப்ரீட்மன் பிற்காலத்தில் சொன்ன கதை இது. வந்த நோயாளிகள் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. எப்போது கூப்பிடுவார்கள், எப்போது எழுந்து போகலாம் என்று நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் உறைத்தது.

1959-இல் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எப்போதும் நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவர், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறவர், எதிலும் போட்டி போடுகிறவர், சின்ன விஷயத்துக்கும் சீறுகிறவர் எல்லாம் ‘ஏ’ வகை. இந்தப் பதற்றம் இல்லாதவர் ‘பி’ வகை. ‘பி’ வகை என்றால் சோம்பேறி என்று அவர்கள் சொல்லவே இல்லை. அவருக்கும் ஆசை உண்டு, உழைப்பு உண்டு, முன்னேற்றம் உண்டு. கடிகாரம் மட்டும் அவர் தலையில் ஏறி உட்காரவில்லை.

ஆளைக் கண்டுபிடிக்க அவர்கள் நடத்திய நேர்காணல் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான் கவனிப்பார்கள். ஓரிடத்தில் கேள்வி கேட்பவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்து, தயங்கித் தயங்கிக் கேட்பார். ‘ஏ’ வகை ஆள் பொறுக்க மாட்டார். கேள்வியைத் தானே முடித்து, பதிலையும் சொல்லிவிடுவார்.

1960-இல் தொடங்கிய பெரிய ஆய்வில் கலிபோர்னியாவைச் சேர்ந்த 3,154 ஆண்களை எட்டரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். எல்லாரும் 39 முதல் 59 வயதுக்காரர்கள். 257 பேருக்கு இதய நோய் வந்தது. ‘ஏ’ வகையினருக்கு அது வந்தது ‘பி’ வகையினரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கப்புறம் இந்தப் பிரிவினை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவசரப்பட்டால் மாரடைப்பு வரும் என்று இன்றைக்கும் பலர் பயமுறுத்துவது இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 1988-இல் அதே 257 பேரின் பிற்கால நிலையை எடுத்துப் பார்த்தபோது, முதல் தாக்குதலில் பிழைத்தவர்களில் ‘ஏ’ வகையினர்தான் இறப்பில் குறைவாக இருந்தார்கள். சிகரெட் நிறுவனங்களும் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியிருக்கின்றன என்பது பின்னால் அவர்களுடைய ஆவணங்கள் வழியாகவே வெளியே வந்தது. மாரடைப்புக்குப் புகையைக் காரணம் சொல்வதைவிட மனிதனின் குணத்தைக் காரணம் சொன்னால் அவர்களுக்கு நல்லதுதானே.

அப்படியானால் எல்லாமே பொய்யா? அதுவும் இல்லை. ‘ஏ’ வகை என்ற மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரெட்ஃபோர்டு வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். வேகமாக நடப்பது, வேகமாகப் பேசுவது, நிறைய வேலை செய்வது இவற்றைவிட, இதயத்தோடு அதிகம் தொடர்புள்ளதாகத் தெரிந்தது பகைமைக் குணம்தான். எல்லாரும் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும் எரிச்சல், அடுத்தவர் மேல் அவநம்பிக்கை.

இதைப் படித்தபோது எனக்கு உடனே பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். ரங்கூனின் பயின்னவுங் சந்தையில் உளுந்துத் தரகு. இந்தியா இறக்குமதி பற்றி ஓர் அறிவிப்பு விட்டால் இங்கே விலை ஆடிவிடும். அதனால் இரண்டு போனும் எப்போதும் கையில்தான். டீக்கடையில் டீ வரும், பாதி குடிப்பார், எழுந்துவிடுவார். நாம் ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை அவர் முடித்துவைப்பார். அச்சு அசலாக ‘ஏ’ வகை. ஒரு நாள் லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு பையன் கைதவறி மூட்டையைப் போட்டுவிட்டான். தையல் விட்டு உளுந்து தரையெல்லாம் கொட்டிவிட்டது. பையன் நடுங்கிப்போய் நின்றான். பெரியப்பா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கைலியை மடித்துக் குந்தி, விலை பேசிக்கொண்டே இரண்டு கையாலும் உளுந்தை அள்ளினார். பையனும் உட்கார்ந்து அள்ளினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. ‘வாய் கிழிஞ்ச மூட்டையை முதல்ல நிமிர்த்துடா’ என்றார், அவ்வளவுதான். அந்தப் பையன் இன்றைக்கும் அவரிடம்தான் வேலை செய்கிறான்.

சித்தப்பா இதற்கு நேர் எதிர். தையல் கடை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பு பச்சைச் சீருடைக்காகக் கடை வாசலில் கூட்டம் நெருக்கும். அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, அளவு நாடாவை நிதானமாக எடுத்து, பிள்ளையிடம் எந்த வகுப்பு என்று விசாரித்துவிட்டுத்தான் தோளை அளப்பார். சீக்கிரம் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டார். சொன்ன தேதியில் கொடுப்பார். குடும்பத்தில் வருடக்கணக்காக அவரை மந்தம் என்றுதான் சொன்னார்கள். ஒற்றை மெஷினில் தொடங்கிய கடை வளர்ந்ததை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வறுமையில் வளர்ந்தவர்கள். ஒருவர் குதிக்கிறார், ஒருவர் நடக்கிறார். இருவர் வீட்டிலும் மனைவி மக்கள் பயப்படாமல் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நான் முன்பு கணக்கு எழுதிய கடையின் முதலாளி. அவரைப் பார்த்தால் யாரும் அவசரக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். மெதுவாகத்தான் நடப்பார், மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் போன தீபாவளிக்கு யார் வணக்கம் சொல்லவில்லை என்பது வரை மனதில் வைத்திருப்பார். ஒரு பில்லில் சின்னப் பிழை இருந்தால், நீ திருடுகிறாயா என்பதுதான் முதல் கேள்வி. அந்த நேர்காணலில் உட்காரவைத்தால் அவர் ‘பி’ வகைப் பக்கம்தான் விழுவார். அங்கே வேலை செய்த பெண்கள் அவர் வரும் செருப்புச் சத்தத்துக்கே தலைவலி மாத்திரையைத் தேடுவார்கள். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களை வைத்து நடந்த ஆய்வில், 1980-இல் வெளியான பகுதி ஒன்று அலுவலக எழுத்து வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது. மேலதிகாரியின் ஆதரவு இல்லாமல், கோபத்தை வெளியே காட்ட முடியாமல் அடக்கிக்கொண்டவர்களிடம் இதய நோய் அதிகமாக இருந்தது. கத்துகிறவரின் கோபத்துக்குப் பழமொழி இருக்கிறது. கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு என்ன இருக்கிறது?

பெண்கள் விஷயத்தில் இந்தப் பழமொழியை நாம் சொல்வதே இல்லை என்பதையும் கவனியுங்கள். அம்மா கோபப்பட்டால் குணம் என்று யார் சொல்கிறார்கள்? வாய்த்துடுக்கு என்கிறார்கள்.

அப்புறம், வேகம் என்பதே பாதி ஊர் கொடுப்பது. ரங்கூனில் கரண்ட் வரும் நேரத்தில் எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற ஒருவர், அரிசி வைக்க ஒருவர், சட்டை தேய்க்க ஒருவர், போன் எல்லாவற்றையும் சார்ஜில் போட ஒருவர். சித்தப்பாகூட அந்த நேரத்தில் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். யார் ‘ஏ’, யார் ‘பி’ என்று அப்போது சொல்லவே முடியாது. ஃப்ரீட்மனும் ரோசன்மனும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: இது பிறவிக் குணம் என்று முத்திரை குத்த வேண்டாம், சூழ்நிலை சவால் விடும்போது வெளிப்படும் நடத்தை முறை. ஆகவே மாற்றவும் முடியும்.

ஃப்ரீட்மன் அதைச் செய்தும் பார்த்தார். மாரடைப்பு வந்து பிழைத்த ஆயிரம் பேரளவில் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆலோசனையோடு இந்த நடத்தையை மாற்றும் பயிற்சியும் கொடுத்தார். வேண்டுமென்றே நீளமான வரிசையில் போய் நிற்பது, அடுத்தவர் பேசி முடிக்கும் வரை வாய் திறக்காமல் கேட்பது, எரிச்சல் எங்கே கிளம்புகிறது என்று கவனிப்பது, இந்த மாதிரிப் பயிற்சிகள். நாலரை ஆண்டில் அந்தப் பகுதியினருக்கு மறு மாரடைப்பு கணிசமாகக் குறைந்தது. அவரே ‘ஏ’ வகை ஆள், அவருக்கே மாரடைப்பு வந்திருக்கிறது. தன்னை மாற்றிக்கொண்டு 90 வயது வரை வாழ்ந்து 2001-இல் காலமானார்.

எங்கள் கோயிலில் விரைவில் புதுக் கமிட்டி எடுக்கப் போகிறோம். தலைவர் பதவிக்கு இரண்டு பெயர் அடிபடுகிறது. ஒருவர் வேகமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருவிழா அன்று அன்னதானச் சமையல்கட்டில் சாம்பார் அண்டாவை இறக்கத் தாமதமானதற்கு, வியர்த்துக் கொட்ட நின்ற பையன்களை எல்லார் முன்னிலையிலும் அவர் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கும் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அந்தப் பழமொழியைத்தான் சொன்னார். அடுத்த திருவிழாவுக்கு அந்தப் பையன்களில் பாதிப் பேர் வரவில்லை. இன்னொருவர் நிதானமானவர், கூட்டத்தில் கடைசியாகத்தான் பேசுவார். ஆனால் யார் பேசினாலும் முடிக்கும் வரை கேட்பார். என் ஓட்டு அவருக்குத்தான். கை தூக்கும் முன்பு சமையல்கட்டுப் பையன்களிடமும் பாத்திரம் கழுவும் அக்காமாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று உறுப்பினர்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.