யார்க்டவுன்: வாஷிங்டன் முதலில் குறிவைத்தது நியூயார்க்கைத்தான்

அமெரிக்க விடுதலைப் போரில், 1781இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்த இடம் வர்ஜீனியாவின் யார்க்டவுன். அந்த வெற்றியைப் பற்றி, "வாஷிங்டன் தொடக்கத்திலிருந்தே யார்க்டவுனைக் குறிவைத்து, நியூயார்க் பேச்சை வெறும் போக்குக் காட்டலாக வைத்திருந்தார்" என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். இது தவறு. 1781 மே மாதம் கனெக்டிகட்டின் வெதர்ஸ்ஃபீல்டில் பிரெஞ்சுப் படைத்தளபதி ரோஷம்போவைச் சந்தித்தபோது அவர் வற்புறுத்தியது நியூயார்க்கைத் தாக்கத்தான். அதை, வர்ஜீனியாவில் அமெரிக்கப் படையை நடத்திய பிரெஞ்சு அதிகாரி லஃபாயெட்டுக்கு எழுதிய கடிதம் பிரிட்டிஷார் கையில் சிக்கியது. நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கிளிண்டன் அதை நம்பியதில் வியப்பென்ன? அது உண்மையான திட்டம்!

திட்டத்தை மாற்றியது தளபதிகளுக்கிடையே ஓடிய கடிதங்கள். கரீபியனில் இருந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸுக்கு ரோஷம்போ எழுதிய கடிதங்களில் யார்க்டவுனுக்கு அருகிலுள்ள செசபீக் விரிகுடாவே மேல் என்ற தம் கருத்தையும் சேர்த்தார். கடற்படை அங்கேதான் வருகிறது என்ற செய்தி ஆகஸ்ட் 14 அன்று வாஷிங்டனை எட்டியது. வர்ஜீனியாவிலிருந்து லஃபாயெட், கார்ன்வாலிஸின் நகர்வுகளைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தே நாளில் படை தெற்கே புறப்பட்டது. நியூயார்க்கைத் தாக்கப்போவதுபோல நியூஜெர்சியில் ரொட்டி அடுப்புகள் கட்டிப் போக்குக் காட்டியதெல்லாம் அதன் பிறகுதான்.

இதில் விடுபடக்கூடாத பெயர் ஜேம்ஸ் ஆர்மிஸ்டெட். அடிமையாக இருந்த அவர் கார்ன்வாலிஸின் முகாமுக்குள் இருந்தே லஃபாயெட்டுக்குத் தகவல் அனுப்பினார். போர் முடிந்தும் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. லஃபாயெட் 1784இல் சான்றெழுதிக் கொடுத்த பிறகும் 1787 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெற்றி முழுவதையும் ஒரே மனிதரின் தீர்க்கதரிசனமாக்கினால் இவரும் ரோஷம்போவும் காணாமல் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.