கரையாதது என்று விட்டுவிட முடியாது

பயிரின் பூஞ்சை நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்துகளைப் பற்றிய ஒரு கட்டுரையில், தண்ணீரில் கரையாத செம்பு மருந்தால் கால்வாய்க்குக் கேடில்லை என்று ஒரு வரி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போட்டிருக்கிறேன். செம்பு மருந்துகளில் மயில்துத்தம் சீக்கிரம் கரைந்துவிடும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற இன்னொன்று வாளியின் அடியில் போய்த் தங்கும். சரி, அதனால் கரையவே கரையாதா? கொஞ்சமாவது கரையும்; எவ்வளவு என்று அளந்துதான் பார்க்க வேண்டும். ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வழிகாட்டு முறையில், இப்படி எளிதில் கரையாத உலோகப் பொருளை லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிகிராம் போட்டு 24 மணி நேரம் கலக்கி, நுண்வடிகட்டியில் இறங்கிய நீரில் எவ்வளவு உலோகம் என்று அளக்கிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் மட்டும் போட்டு 28 நாள் வரை பார்ப்பதும் உண்டு. தண்ணீரில் அமிலத்தன்மை கூடினால் செம்பு இன்னும் அதிகமாகக் கரையும். மீனின் செவுளைத் தாக்குவது இப்படிக் கரைந்த செம்புதான். கன்னடியன் கால்வாயில் ஸ்பிரேயர் டேங்கைக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. தயவுசெய்து அதை வயலிலேயே கழுவுங்கள்.