15-ஆம் பிரிவில் ‘நிறம்’ இல்லை

‘நிறப் பாகுபாட்டை அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவே தடுக்கிறது, மாத்யூ ஹாரிசன் ஆய்வெல்லாம் நமக்கெதற்கு?’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை, சார். அந்தப் பிரிவு சொல்வது மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், இவ்வளவுதான். நிறம் அதில் இல்லை. அதுவும் வேலை விஷயத்தில் அரசைத்தான் கட்டுப்படுத்தும். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் தனியார் கம்பெனியின் இன்டர்வியூ அறைக்குள் வராது.

ஹாரிசன் 2006-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது, வேலைக்கு விண்ணப்பிக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரை மாணவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதை. எம்.பி.ஏ. முடித்த கருத்த ஆணைவிட, வெறும் இளநிலைப் பட்டம் வைத்திருந்த வெளிர்நிற ஆணையே அந்த மாணவர்கள் வேலைக்கு அதிகம் பரிந்துரைத்தார்கள். படிப்பையே நிறம் முந்திவிட்டது.

பெங்களூரில் என் ஐடி கார்டுக்குப் படம் எடுத்தவர், கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தந்தார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘யாருடி இது?’ என்றார்.