சாமி கண்ணைக் குத்தும்

போன மாதம் ஒரு மாலை. பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண் படியில் தடுக்கி விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுகிறாள். என் மகனுக்கு ஆறு வயது. இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறான். "ஏன்டா தூக்கிவிடல?" என்று கேட்டால், "காலையில பொய் சொன்னாம்மா, அதான் சாமி தள்ளிவிட்டுடுச்சு" என்கிறான். முகத்தில் கோபமும் இல்லை, குறும்பும் இல்லை. சாமி செய்த காரியத்தில் நான் ஏன் குறுக்கே போகணும் என்கிற மாதிரி நிற்கிறான்.

அந்தச் சாமியை அவனுக்குக் கொடுத்தது நான்தான். பல் தேய்க்கவில்லையா, சாமி கண்ணைக் குத்தும். எதிர்த்துப் பேசினாயா, கண்ணைக் குத்தும். அவன் அடங்கினால் போதும் என்றுதான் சொன்னேன். அவனோ அடிபட்டு விழுகிறவர்கள் எல்லாம் ஏதோ தப்பு செய்தவர்கள் என்று முடிவு கட்டிவிட்டான்.

யோசித்துப் பார்த்தால் பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம். என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. பார்க்க வந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், கெட்டவர் இல்லை, தினமும் மனமுருகிக் கும்பிடுகிறவர், கட்டிலில் உட்கார்ந்து "எங்கேயோ குறை வச்சிட்டோம்மா, இல்லைன்னா தெய்வம் இப்படிப் பண்ணுமா" என்றார். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே இன்னொரு பெண் வந்தார். அவரும் அதே சாமியைக் கும்பிடுகிறவர்தான். ஒன்றும் பேசாமல், நாலு நாளாய்ச் சிக்குப் பிடித்துக் கிடந்த அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிக்கெடுத்தார். அரை மணி நேரம் இருக்கும், வலிக்காமல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. கிளம்பும்போது மட்டும் "சாமியும் உன்கூட அழுதுக்கிட்டுதான்மா இருக்கும்" என்றார். தங்கை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கும்பிடும் பெயர் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெரியம்மாவின் மனதில் இருக்கும் கடவுள் கணக்கு பார்க்கிறவர், தண்டனை கொடுக்கிறவர். அப்படி ஒருவரை நம்பிவிட்டால், துன்பப்படுகிறவரைப் பார்த்ததும் முதலில் தேடத் தோன்றுவது அவருடைய குற்றத்தைத்தான்.

பயம் இல்லையென்றால் மனிதன் கெட்டுப்போவான் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2011-இல் அசீம் ஷரீஃப், ஆரா நொரென்சயான் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், கடவுளைத் தண்டிப்பவராக நினைத்தவர்கள், அன்பானவராக நினைத்தவர்களைவிடக் கணக்குத் தேர்வில் குறைவாகவே ஏமாற்றினார்கள். சரி, பயம் தப்பு செய்யாமல் கையைக் கட்டிவைக்கும். விழுந்தவரைத் தூக்க அதே கை அவிழ வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? என் மகன் நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

இதைவிட என்னைக் கலங்கடித்தது 2009-இல் உளவியலாளர் நிக்கோலஸ் எப்லியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. ஒரு விஷயத்தில் கடவுள் என்ன நினைப்பார் என்று நம்பிக்கையாளர்களிடம் கேட்டால், பெரும்பாலும் தங்கள் கருத்தையே கடவுளின் கருத்தாகச் சொன்னார்கள். ஆய்வில் அவர்களுடைய கருத்தை வேறு பக்கம் திருப்பியபோது கடவுளின் கருத்தும் கூடவே திரும்பியது. அப்படியென்றால், நான் வெறுக்கிறவரைக் கடவுளும் வெறுக்கிறார் என்று எனக்கு எவ்வளவு சுலபமாகத் தோன்றிவிடும்! அப்புறம் என்னை யார் தடுக்க முடியும்?

பைபிளில் யோனா கதை இருக்கிறது. நினிவே நகரம் அழியப்போகிறது என்று சொல்ல அனுப்பப்பட்டவர். முதலில் போகாமல் ஓடிப்போகிறார், பிறகுதான் போய்ச் சொல்கிறார். ஊர் மனம் திருந்துகிறது, கடவுள் மன்னித்துவிடுகிறார். யோனாவுக்கோ தாங்க முடியாத கோபம். நீர் இரக்கமுள்ளவர், மன்னித்துவிடுவீர் என்று எனக்கு முதலிலேயே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று கடவுளிடமே சண்டை போடுகிறார். 1,20,000-க்கும் அதிகமான மனிதர்களும் கால்நடைகளும் இருக்கும் ஊருக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். கதை அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது, யோனா என்ன பதில் சொன்னார் என்றே இல்லை. தன்னைவிடக் கடவுள் நல்லவராக இருப்பதைப் பொறுக்க முடியாத பக்தர்! எனக்குள்ளும் அவர் இருக்கிறார்.

அன்று ராத்திரி மகனைப் பக்கத்தில் படுக்கவைத்து, சாமி யாரையும் தள்ளிவிடாதுடா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்போ கண்ணைக் குத்தாதா?"

"குத்தாது."

"அப்புறம் நீ ஏம்மா சொன்ன?"

தப்பா சொல்லிட்டேன்டா என்றேன்.