எறிகிற கத்தியைத் தீட்ட வேண்டாம்

கத்தி எறிந்து பழகுவதைப் பற்றி ஒருவர், சமையலறைக் கத்தியை நன்றாகத் தீட்டி வீசினாலே பலகையில் குத்தி நிற்கும், பிள்ளைகளோடு பழக அதுவே போதும் என்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். காய் நறுக்கும் கத்தியின் அலகு மெலிசு, எஃகு கடினம்; கோணலாக மோதினால் முனை ஒடிந்து தெறிக்கும், பிடியும் கழன்றுவிடும். எறிவதற்கென்றே செய்த கத்திக்கு முனை மட்டும்தான் கூர், விளிம்பு மழுங்கல், ஏனென்றால் பலர் அலகைப் பிடித்தே வீசுகிறார்கள். குத்தி நிற்பதும் தீட்டலால் அல்ல, தூரத்தால்: பிடியைப் பிடித்து வீசினால் கத்தி காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 3 மீட்டர் வேண்டும், பிடி போய் மோதுகிறதென்றால் கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து பாருங்கள், மணிக்கட்டைச் சுண்டாதீர்கள். அப்புறம், ப்ளைவுட்டில் பட்டால் கத்தி திரும்பி வரும். இலக்காக வைக்க மென்மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டுதான் சரி. பிள்ளைகள் வீசுபவருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளியே நிற்கட்டும்.